விக்கியில் சிறுபடம் சிதைகிறதா? ஜிடியா, இமேஜ்மேஜிக்கா?

எங்கள் ஊர்க் கோலங்களைத் தொகுக்கும் சிறிய மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள்) தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். கோலங்களை ஜிஃப் கோப்புகளாக ஏற்றியிருந்தோம். முழு அளவில் எல்லாம் சரியாக இருந்தது. 200 பிக்சல் சிறுபடத்தில் இழைகள் அங்கங்கே அறுந்தன, சில புள்ளிகள் காணாமல் போயின. சிக்குக் கோலத்தில் இழை அறுந்தால் அது கோலமே இல்லை. அதனால்தான் படங்களைச் சுருக்கும் வேலையை ஜிடி என்ற நிரலகத்திடமிருந்து இமேஜ்மேஜிக் என்ற தனி நிரலுக்கு மாற்றினேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் நசுங்கியோ இழுபட்டோ தெரிந்தால் இந்த இரண்டின் மேலும் தப்பில்லை. விக்கியின் 'ஸ்கின்' எனும் தோற்ற வடிவமைப்பின் சிஎஸ்எஸ்ஸில் படத்தின் அகலத்துக்கு மட்டும் 100 சதவீத உச்சவரம்பு வைத்துவிட்டு, உயரத்தை 'ஆட்டோ' ஆக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

ஜிடி, மீடியாவிக்கி எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியோடு வருகிறது; சில சர்வர்களில் மட்டும் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். புகைப்படங்களை அது நன்றாகவே சுருக்கும். சிக்கல் ஜிஃப்பில்தான். ஒளி ஊடுருவும் பகுதி கெட்டுவிடக் கூடாது என்று, ஜிஃப்பைச் சுருக்கும்போது மட்டும் மீடியாவிக்கி பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுப்பதில்லை; சில பிக்சல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. 1000 பிக்சல் அகலக் கோலம் 200 ஆகும்போது ஐந்தில் ஒரு வரிசைதான் மிஞ்சும். ஒற்றைப் பிக்சல் இழை விடுபட்ட வரிசையில் இருந்தால் போயே போய்விடும். இமேஜ்மேஜிக் அந்த ஐந்தையும் கலந்து ஒன்றாக்குகிறது. இழை கொஞ்சம் வெளுக்கும், ஆனால் அறுபடாது.

பெரிய புகைப்படங்களிலும் இமேஜ்மேஜிக்கே மேல். படத்தை முழுசாக நினைவகத்தில் விரிக்க வேண்டியிருப்பதால் ஜிடிக்கு மீடியாவிக்கியில் 1.25 கோடி பிக்சல் என்ற வரம்பு இயல்பாகவே உண்டு. 6000க்கு 4000 என்றால் 2.4 கோடி, அதற்குச் சிறுபடமே வராது. இமேஜ்மேஜிக் வழியாகப் போகும் ஜேபெக் படங்களுக்கு அந்த வரம்பு இல்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் ஜிடிதான் சுலபம். இமேஜ்மேஜிக்கில் 2016ல் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. நிறுவினால் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளி நிரல்களை இயக்க விடாத பகிர்வு ஹோஸ்டிங்கில் அது ஓடவே ஓடாது. அங்கே இருப்பவர்கள் கோட்டுப் படங்களைப் பிஎன்ஜியாக ஏற்றுங்கள். பிஎன்ஜியை ஜிடியும் கலந்துதான் சுருக்கும். நான் பார்த்தது சில நூறு படங்கள் உள்ள விக்கியை மட்டுமே. லட்சக்கணக்கில் படம் வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

மாறிய பிறகும் பழைய சிறுபடங்கள் அப்படியேதான் தெரியும். இமேஜஸ் கோப்புறைக்குள் இருக்கும் தம்ப் கோப்புறையைக் காலி செய்யுங்கள், அல்லது ஒவ்வொரு படிமப் பக்கத்தையும் பர்ஜ் செய்யுங்கள் (சேமித்து வைத்த பழைய நகலை நீக்கிப் புதுப்பிப்பது). அப்புறம் உலாவியின் கேஷையும் அழித்துவிட்டுப் பாருங்கள்.