ஆயாம்மா சம்பளத்துக்கு அஞ்சலக வட்டி போதுமா?

அம்மாவுக்கு 72 வயது. குளிக்க, எழுந்து நடக்க ஓர் ஆள் துணை வேண்டும். “மருத்துவக் காப்பீடுதான் இருக்கிறதே” என்றார் அண்ணன். அது மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும்; வீட்டில் கை பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போகிறவருக்குச் சல்லிக்காசு தராது. அதனால் அம்மாவின் ஓய்வுக்காலப் பணத்தில் 20 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம்.

ஆண்டு வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பகல் நேர ஆயாம்மாவின் சம்பளமோ 18,000. மீதியை நானும் அண்ணனும் பகிர்ந்துகொள்கிறோம். வட்டி காலாண்டுக்கு, சம்பளம் மாதாமாதம் என்பதால் முதல் காலாண்டுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது, போட்ட அன்றைய வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது என்பது. பிடிக்காததும் அதுவே! ஆயாம்மாவின் சம்பளம் ஆண்டுதோறும் ஏறுமே. இரண்டாண்டு கடந்து, ஐந்தாண்டு முடியும் முன் கணக்கை முடித்தால் அசலில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். எங்களுக்கு அது 20,000 ரூபாய். ஆகவே அவசரச் செலவுக்கான பணத்தை இதில் போடவே கூடாது.

2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன், மனைவி இருவருக்கும் அறுபது கடந்திருந்தால் ஆளுக்கொரு கணக்காகத் தொடங்குங்கள்.