பாலைவனக் கரையோரம் ஒரு வாரம்: பாஹாவா, செங்கடலா, நிங்கலூவா?

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது பணி ஓய்வு பெறும் தலைமுறை பெரும்பாலும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தது. அப்பா அம்மா பால்மரம் வெட்டினார்கள். பிள்ளைகள் ஆசிரியராகவோ அரசாங்க ஊழியராகவோ ஆனார்கள். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் காசி, ராமேஸ்வரம், பழனி எல்லாம் போய்வந்துவிட்டார்கள். அடுத்து வேறு மாதிரி ஓர் இடம் வேண்டும் என்கிறவர்களிடையே சின்னக் கப்பல் பயணம் பற்றிய பேச்சு அடிபடுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஏறும் பெரிய கப்பலைச் சொல்லவில்லை. இருபது பேர், அதிகம் போனால் எண்பது தொண்ணூறு பேர் தங்கும் கப்பல். காலையில் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போடுவார்கள். ரப்பர் படகில் இறங்கி விலங்குகளையும் பறவைகளையும் பார்க்கலாம், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி ஸ்நோர்கெல் செய்யலாம். மாலையில் அடுத்த தீவு.

இதில் பாலைவனக் கரையோரப் பயணங்கள் தனி ரகம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பம், எகிப்தின் செங்கடல், மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ என்று மூன்றை எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீந்தத் தெரியாதவர்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும், மூன்றில் மிகத் தொலைவில் இருக்கும் பாஹாதான் பொருத்தம். நிங்கலூ பக்கத்தில் இருக்கிறது, செங்கடல் மலிவு, பிறகு ஏன் உலகத்தின் மறுகோடிக்குப் போகவேண்டும் என்று கேட்பீர்கள்.

பவளப்பாறை மட்டுமே பார்க்கவேண்டும் என்றால் மூன்று இடங்களுக்கும் போகத் தேவையில்லை. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் நம் வீட்டு வாசலில் இருக்கின்றன. சபாவின் செம்போர்னா கடல் பவள முக்கோணத்துக்குள் வருகிறது; உலகில் உள்ள பவள இனங்களில் முக்கால் பங்கு அந்த முக்கோணத்தில் உண்டு. பாலைவனக் கரைக்குப் போவது வேறு காரணத்துக்காக. மழை இல்லை, ஆறு இல்லை, அதனால் சேறு இல்லை. மலாக்கா நீரிணை ஏன் எப்போதும் கலங்கலாக இருக்கிறது என்று லூமுட் படகுத்துறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; பேராக் ஆறு போன்றவை மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. செங்கடலில் நிரந்தரமாக ஓடிவந்து கலக்கும் ஆறு ஒன்றுகூட கிடையாது. அதனால்தான் அந்த நீர் அவ்வளவு தெளிவு.

பாஹாவின் கதை வேறு. அங்கே தீபகற்பத்துக்கும் மெக்சிகோ பெருநிலத்துக்கும் இடையே உள்ள கலிபோர்னியா வளைகுடாவில், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அடியாழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகின்றன. சத்து நிறைந்த அந்த நீரில் மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மீன் வரும், மீனைத் தேடிப் பறவையும் கடற்சிங்கமும் வரும். குளிர்காலத்தில் நீர் பச்சையாக இருக்கும், செங்கடல் அளவுக்குத் தெளிவு கிடைக்காது. ஆனால் அந்தப் பச்சைதான் திமிங்கிலங்களுக்குச் சோறு போடுகிறது. உலகில் உள்ள திமிங்கில, ஓங்கில் (டால்பின்) இனங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு வளைகுடாவில் காணப்படுகிறது. யுனெஸ்கோ 2005-ல் இங்குள்ள 244 தீவுகளையும் கரைப்பகுதிகளையும் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 2019-ல் அதையே அபாயப் பட்டியலில் சேர்த்தது. வளைகுடாவின் வடகோடியில் மட்டும் வாழும் வாக்கிட்டா என்ற, ஓங்கில் போன்ற சின்னக் கடற்பன்றி, மீன் வலைகளில் சிக்கி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டதே காரணம். சுற்றுலாக் கப்பலில் போகிறவர் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் எந்தக் கடலுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

பாஹாவுக்கு முதலிடம் கொடுப்பதற்கான காரணம் சாம்பல் திமிங்கிலம். ஆர்க்டிக் பக்கத்துக் கடலில் கோடைகாலம் முழுக்கத் தின்று கொழுத்து, எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீந்தி, பாஹாவின் பசிபிக் பக்கத்துக் காயல்களுக்கு வந்து குட்டி போடுகிறது. மக்தலேனா விரிகுடா, சான் இக்னாசியோ, ஓஹோ தே லியேப்ரே ஆகிய மூன்றும் அதன் பிரசவ அறைகள். 19-ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்காரர்கள் இதே காயல்களுக்குள் நுழைந்து தாயையும் குட்டியையும் கொன்றார்கள். ஈட்டி பட்ட தாய் திரும்பிப் படகை உடைத்ததால் இதற்குப் பிசாசு மீன் என்றே பெயர் வைத்தார்கள். அதே காயல்களில் இன்று தாய்த் திமிங்கிலம் குட்டியோடு தானாகவே மீனவர் படகருகே வந்து நிற்கிறது. 1972-ல் சான் இக்னாசியோவில் பச்சிக்கோ மயோரல் என்ற மீனவர் கையை நீட்டி ஒரு திமிங்கிலத்தைத் தொட்டார். அங்கிருந்துதான் இந்த நட்பின் கதை சொல்லப்படுகிறது. படகில் உட்கார்ந்திருந்தால் போதும், நீரில் இறங்கவே வேண்டாம். மெக்சிகோ சட்டப்படி திமிங்கிலத்தோடு நீந்துவதற்கு அனுமதியும் இல்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவும் இருபது வயதுப் பேரனும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்க்கலாம். மற்ற இரண்டு இடங்களிலும் இது கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2016-ல் இந்தத் திமிங்கிலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 27,000 என்று கணக்கிடப்பட்டது. 2025-ல் அது சுமார் 13,000. வடக்கே கடல் சூடாகி இரை குறைந்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். குட்டிகளும் குறைந்துவிட்டன. பல வருடம் தள்ளிப்போடக்கூடிய பயணமாக இதை என்னால் பார்க்க முடியவில்லை.

பாஹாவின் குறை குளிர்தான். பிப்ரவரி, மார்ச்சில் நீர் 20 டிகிரி அளவில் இருக்கும். கேமரன் மலையில் விடியற்காலைக் குளியல் மாதிரி. குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் இல்லாமல் நீரில் இறங்கக்கூடாது. அக்டோபர், நவம்பரில் நீர் இதமாக இருக்கும், லாபாஸ் விரிகுடாவில் திமிங்கிலச் சுறாவும் வரத் தொடங்கும். ஆனால் சாம்பல் திமிங்கிலம் இருக்காது, வளைகுடாக் கரையில் உள்ள லொரெத்தோ ஊர்ப் பக்கம் வரும் நீலத் திமிங்கிலமும் இருக்காது. விளம்பரங்களில் எல்லா விலங்கும் ஒரே பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். எந்த மாதம் எது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்பிரித்து சாந்தோ தீவின் வடமுனையில் லோஸ் இஸ்லோத்தெஸ் என்ற பாறைத்திட்டு உண்டு. அங்கே கடற்சிங்கக் குட்டிகள் ஸ்நோர்கெல் செய்பவர்களின் காலில் மாட்டிய துடுப்பைக் கடித்து விளையாடும். இனப்பெருக்கக் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நீரில் இறங்க அனுமதி இல்லை. கரையிலும் பார்க்க நிறைய இருக்கிறது: மரம்போல் உயரும் கார்தோன் கள்ளிகள், சாந்தா கத்தலினா தீவில் வாலில் கிலுகிலுப்பை இல்லாத கிலுகிலுப்பைப் பாம்பு, நீலப்பாதப் பறவைகள்.

சரி, செங்கடல். நன்றாக நீந்துகிறவர்களுக்கு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹுர்காதாவிலிருந்தோ மர்சா ஆலம் பக்கத்துப் போர்ட் காலிப்பிலிருந்தோ, இருபது பேர் அளவில் தங்கும் சஃபாரி படகுகள் ஒரு வாரப் பயணம் புறப்படுகின்றன. பெரும்பாலானவை ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கானவை. ஸ்நோர்கெல் மட்டும் செய்பவர்களுக்கென்று தனிப் பயணம் உண்டா என்று கேட்டுப் பதியவேண்டும். செங்கடலின் மீன் இனங்களில் ஏழில் ஒன்று உலகில் வேறெங்கும் கிடையாது. மர்சா முபாரக், அபு தப்பாப் விரிகுடாக்களில் கடற்புல் மேயும் பச்சை ஆமைகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஆவுளியா என்ற கடற்பசு. சமதாய் என்ற குதிரைலாட வடிவப் பாறைத்திட்டுக்குள் சுழல் ஓங்கில்கள் பகலில் ஓய்வெடுக்கும். 2004 முதல் அங்கே மண்டலம் பிரித்து, உட்பகுதியை ஓங்கில்களுக்கே விட்டுவிட்டார்கள். மனிதன் வேலி போட்டு விலகி நிற்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீரில் உப்பு அதிகம் என்பதால் உடம்பு எளிதாக மிதக்கும். ஆனால் பாறைத்திட்டுகள் பலவும் திறந்த கடலில் இருக்கின்றன, வடக்குக் காற்று அலையைக் கிளப்பும், காலுக்குக் கீழே சட்டென்று பாதாளம். நீச்சல் பயம் உள்ளவருக்கு அது சுகமான இடமல்ல.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் செங்கடலைப் பரிந்துரைக்க முடியாது. 2024 நவம்பரில் மர்சா ஆலம் அருகே நாற்பதுக்கும் மேற்பட்டோரோடு போன ஒரு சஃபாரி படகு மூழ்கியது. 11 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல்போனார்கள். விலையை மட்டும் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கீழ்த்தளக் கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா, இரவில் காவலுக்கு யார் விழித்திருப்பார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு படகு பாருங்கள். ஏமன் பக்கத்துச் சண்டை நடந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. என்றாலும் காப்புறுதிப் பத்திரத்தில் எகிப்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நிங்கலூ நமக்கு வசதியானது. கோலாலம்பூரிலிருந்து பெர்த் ஐந்தரை மணி நேரம், அங்கிருந்து நிங்கலூ பக்கத்து ஊரான எக்ஸ்மவுத்துக்கு உள்நாட்டு விமானம். கடிகாரத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை. கைப்பேசிச் செயலியிலேயே நுழைவு அனுமதி எடுத்துவிடலாம். 2011-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பவளத்திட்டு சில இடங்களில் கரைக்கு அவ்வளவு நெருக்கம், கப்பலே தேவையில்லை. மணலில் இருந்து நடந்தே நீரில் இறங்கலாம். அதனால் இங்கே பலரும் விடுதியில் தங்கி நாள்படகில் போய்வருகிறார்கள். மார்ச் முதல் ஜூலை வரை திமிங்கிலச் சுறா வரும். விமானத்திலிருந்து தேடிப் படகுக்குச் சொல்வார்கள், பத்துப் பத்துப் பேராக இறங்கவேண்டும், சுறாவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியே நீந்தவேண்டும். இதெல்லாம் பவளத்திட்டுக்கு வெளியே, ஆழ்கடலில் நடக்கும். சுறா மெதுவாகப் போவதுபோல் தெரியும், கூட நீந்தினால்தான் வேகம் புரியும். நீந்த முடியாதவர் படகிலேயே இருந்து மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். டர்குவாய்ஸ் விரிகுடாவில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். மணல்திட்டு வருவதற்குள் கரையேறத் தெரியவேண்டும். 2025 தொடக்கத்தில் கடல் வெப்ப அலையால் இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன, அதையும் கணக்கில் எடுங்கள். நீச்சல் தெரிந்த பிள்ளைகளோடு ஒரு வார விடுமுறை மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, இதையெல்லாம் மீறியும் நிங்கலூவைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டில் எகிப்து சுலபம். அவரைக்கொட்டைக் குழம்பும் நம் பருப்பு வடை மாதிரி அங்கே சுடும் வடையும் சைவக்காரர்களைக் காப்பாற்றிவிடும். மெக்சிகோவில் மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். செங்கடல் வாரப் படகு ஒரு ஆளுக்குச் சுமார் ஐயாயிரம் முதல் எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). நிங்கலூவில் திமிங்கிலச் சுறாவுக்கு ஒரு நாள் போய்வரவே நானூறு ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். பாஹா சின்னக் கப்பல், எட்டு நாளுக்கு ஒரு ஆளுக்கு இருபதாயிரம் வெள்ளிக்குக் குறையாது; விமானம் தனி. மலேசியக் கடப்பிதழுக்கு மெக்சிகோ சுற்றுலா விசா கேட்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறினாலே அமெரிக்க விசா வேண்டும். தோக்கியோ வழியாக நேரே மெக்சிகோ சிட்டிக்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை.

இருபதாயிரம் முடியாது என்றால் பாஹாவைக் கைவிடவேண்டாம். கப்பலை விட்டுவிடுங்கள். காயல்களுக்குள் திமிங்கிலம் பார்க்கக் கப்பல் பயணிகளையும் உள்ளூர் மீனவர்களின் உரிமம் பெற்ற சிறு படகில்தான் ஏற்றுகிறார்கள்; சில கப்பல்கள் லொரெத்தோவில் இறக்கி, பஸ்ஸில் மக்தலேனா விரிகுடாவுக்கு அழைத்துப்போகின்றன. நீங்களே லொரெத்தோவில் ஒரு விடுதியில் தங்கி, அந்தப் பஸ்ஸுக்கு ஆகும் நேரத்தில் காரில் போய், அதே மீனவர் படகில் ஏறலாம். தீவுகளுக்கிடையே கண்விழிக்கும் காலைகள் கிடைக்காது, இயற்கை வழிகாட்டி இரவில் விளக்கிச் சொல்லும் உரைகளும் கிடைக்காது. திமிங்கிலம் கிடைக்கும், செலவும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். தைப்பூசம் முடிந்ததும் புறப்பட்டு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரங்களிலோ அங்கே இருக்கும்படி தேதி குறியுங்கள்.