ஊர் வரலாறு தேட நியூஸ்பேப்பர்எஸ்ஜி: எப்படிப் பயன்படுத்துவது?

பேட்டை, கோயில், கம்போங் (மலாய்ச் சிற்றூர்) என எதன் பழங்கதையைத் தொகுப்பவருக்கும் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இந்த இலவசச் சேவை, அதாவது பழைய செய்தித்தாள்களின் இணையக் காப்பகம், பெரிய வரம். 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' முதல் 'தமிழ் முரசு' வரை வீட்டிலிருந்தே புரட்டலாம்.

சிங்கப்பூரின் வடக்கே உள்ள செம்பவாங் வட்டாரத் தமிழர்களைத் தேடுகிறீர்களா? 'செம்பவாங்' என்று மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை அன்றைய ஆங்கில ஏடுகள் பெரும்பாலும் 'நேவல் பேஸ்' (Naval Base) என்றே எழுதின. அந்த இரு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் இடுங்கள். தளம் திறந்த 1938, பிரிட்டிஷார் வெளியேறிய 1971 என ஆண்டு வரம்பைச் சுருக்குங்கள். விளம்பரங்களையும் விடாதீர்கள், கடை முகவரிகள் அங்குதான் சிக்கும்.

குறை, பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் (OCR). மைக்ரோஃபிலிம் என்னும் நுண்படச் சுருளில் மங்கிய பக்கங்களைக் கணினி தப்பாகப் படிக்கிறது, பெயர்கள் சிதைகின்றன. தமிழில் பழைய 'லை', 'னை' எழுத்து வடிவங்களும் அதைக் குழப்பும். ஆகவே தமிழ்ச் சொல் தேடலை மட்டும் நம்பவேண்டாம். ஆங்கில ஏட்டில் நிகழ்ச்சியின் தேதியைக் கண்டுபிடித்து, அடுத்த மூன்று நான்கு நாள் முரசைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேட்டி கட்டியவர்களின் ஊர்வலம், சங்கத் தேர்தல், நன்கொடைப் பட்டியல் எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தப்பாகப் பதிவான ஆங்கில வரிகளைப் பயனர்களே திருத்தலாம். திருத்திவிடுங்கள், அடுத்தவருக்கு உதவும். பிற்கால இதழ்கள் சிலவற்றுக்கு மட்டும் நூலகக் கணினிக்குப் போகவேண்டும்.