பார்க்க ஒரு வழி, மாற்ற ஒரு வழி: ஆர்எஸ்-485, எஸ்என்எம்பி, ஓப்பன்அமிப்

செயற்கைக்கோளோடு பேசும் பூமி நிலையத்தின் ரேக்கில் மோடம், அலைவரிசையை உயர்த்தும் அப் கன்வர்ட்டர், பவர் ஆம்ப்ளிஃபையர் என எதைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரு சீரியல் போர்ட்டும் ஓர் ஈதர்நெட் போர்ட்டும் இருக்கும். கண்காணிப்பு, கட்டளை இரண்டையும் ஒரே போர்ட்டில் ஏற்றிவிடுவது வழக்கம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சீரியல் வழியில் ஓடுவது பெரும்பாலும் வெறும் எழுத்துக் கட்டளை. காம்டெக் ஈஎஃப் டேட்டா மோடம்களில் ‘<’ குறி, நான்கு இலக்க முகவரி, ‘/’, மூன்றெழுத்துக் கட்டளை, பிறகு ‘=’ போட்டு மதிப்பு அல்லது கேள்விக்கு ‘?’, கடைசியில் என்டர். பதில் ‘>’ குறியோடு திரும்பும். லேப்டாப்பில் சாதாரண டெர்மினலைத் திறந்து கையாலேயே தட்டிப் பார்க்கலாம். நள்ளிரவில் பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஒரே கம்பி இணையில் பல கருவிகளைக் கோக்கும் சீரியல் முறையான ஆர்எஸ்-485 கம்பியில் 1,200 மீட்டர் வரை, 32 கருவிகள் வரை தொங்கவிடலாம். பதிலே வராவிட்டால் முதலில் ஏ, பி கம்பிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது ஏ என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 120 ஓம் மின்தடை இரு கோடிகளில் மட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் போட்டால் சிக்னல் தளர்ந்துவிடும். பழுதான மோடத்தை மாற்றியதும் மொத்த வரிசையும் உளறினால், புதுப்பெட்டி ஆலை முகவரியான 1 உடன் வந்திருக்கும். ஏற்கெனவே 1-இல் இருக்கும் கருவியும் சேர்ந்து பதில் சொல்கிறது.

இதன் பலவீனம் வேகம். 9,600 பாட் (நொடிக்கு 9,600 பிட்) என்றால், எழுத்துக்குப் பத்து பிட் வீதம் நொடிக்கு 960 எழுத்து. கேள்வி, பதில் சேர்த்து 40 எழுத்து; 20 கருவிகளில் பத்துப் பத்து அளவுகள் கேட்டால் கம்பியில் மட்டுமே எட்டு நொடிக்கு மேல் போய்விடும். கருவிகள் யோசிக்கும் நேரம் தனி.

ஈதர்நெட் வழியே கருவிகளைக் கண்காணிக்கும் பொது நெறிமுறையான எஸ்என்எம்பி அந்தக் குறையைத் தீர்க்கிறது. யுடிபி போர்ட் 161-இல் கேள்வி, 162-இல் ட்ராப், அதாவது கருவி தானாகவே அனுப்பும் எச்சரிக்கை. ஆயத்தக் கண்காணிப்பு மென்பொருள் எல்லாமே இதைப் பேசும். ஆனால் ட்ராப்புக்கு ஒப்புதல் கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே ட்ராப்பை மட்டும் நம்பாமல் நிமிடத்துக்கு ஒருமுறையாவது கேட்டே ஆக வேண்டும். 1, 2சி பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டிச் சொல் மறைப்பின்றிப் போகிறது. எழுதும் உரிமை தருவதானால் 3-ஆம் பதிப்பு மட்டுமே.

அலைவரிசை எண்ணிலும் ஒரு பொறி. 14 கிகாஹெர்ட்ஸை ஹெர்ட்ஸில் சொன்னால் 32 பிட் முழு எண்ணில் அடங்காது. தசமமும் எஸ்என்எம்பியின் அடிப்படை வகைகளில் இல்லை. ஒரு மிப் (கருவியின் அளவுகளை வரையறுக்கும் பட்டியல்) கிலோஹெர்ட்ஸில் கேட்கும், இன்னொன்று 100 ஹெர்ட்ஸ் படியில் கேட்கும். பவரும் அப்படியே: -250 என்பது -25.0 டிபிஎம். அலகைப் படிக்காமல் எழுதினால் செயற்கைக்கோளில் பக்கத்து டிரான்ஸ்பாண்டரை (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பகுதி) பயன்படுத்துபவர் தொலைபேசியில் வருவார்.

ஐடைரக்ட் கொண்டுவந்த ஓப்பன்அமிப் இவற்றோடு போட்டியிடவே இல்லை. கப்பல் போன்ற நகரும் தளங்களில் மோடமும் ஆன்டெனா கட்டுப்பாட்டுப் பெட்டியும் டிசிபி இணைப்பில் எழுத்து வரிகளாகப் பேசிக்கொள்ளும் நெறிமுறை அது. எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைவரிசையைத் தேடுவது என்று மோடம் சொல்லும். பாய்மரத் தூண் மறைத்தால் அனுப்பாதே என்று ஆன்டெனா சொல்லும். ஆன்டெனாவில் சிக்னலை வாங்கி அலைவரிசையைக் குறைக்கும் எல்என்பியின் உள் ஆசிலேட்டர் மதிப்பைத் தவறாகக் கொடுத்தால் ஆன்டெனா கிடைக்காத சிக்னலைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பார்க்க எஸ்என்எம்பி, மாற்ற எழுத்துக் கட்டளை. செயற்கைக்கோள் இணைப்பு வழியாகவே தொலைமுனை மோடத்தின் அலைவரிசையை மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். தொலைமுனையை முதலில் மாற்றுங்கள், அருகு முனையைப் பிறகு. கட்டளை ஏறியதும் இணைப்பு அறும், பதில் வராது. அதைத் தோல்வி என எண்ணி மென்பொருள் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடாது. ஐந்து நிமிடத்தில் இணைப்பு திரும்பாவிட்டால் பழைய அமைப்புக்கே போகும்படி தொலைமுனையில் ஒரு டைமர் வையுங்கள். முடிந்தால் அங்குள்ள சீரியல் போர்ட்டில் ஒரு 4ஜி ரவுட்டரையும் மாட்டிவிடுங்கள்.