ஒரே டை செட், இரண்டு தோட்டா, பாழாய்ப்போன ஒரு வளையம்

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றி நானே தோட்டா செய்துகொள்கிறவன். அதற்கு பிரஸ் என்ற இயந்திரமும், அதில் மாட்டும் டை என்ற எஃகு அச்சுகளும் வேண்டும். போன வாரம், கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் என் சைசிங் டையில், பழைய ப்ரைமரைத் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தள்ளும் ஊசி ஒடிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், கூட்டுக்குள் சின்னக் கல் ஒன்று கிடந்ததைப் பார்க்காமல் பிரஸ்ஸின் நெம்புகோலை இழுத்துவிட்டேன். ஊசியை மாற்றிக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் அழைத்தார். "38 ஸ்பெஷல், 357 மேக்னம் ரெண்டுக்கும் ஒரே டை செட் போதுமா?" என்று கேட்டார். இரண்டும் ரிவால்வர் தோட்டா வகைகள். போதும் என்று சொல்லி போனை வைத்தேன். அப்புறம்தான், இந்த ஆறு வருடத்தில் அதே செட்டை எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது.

பெட்டி மேல் இரண்டு பெயரும் போட்டிருக்கும். அது பொய் இல்லை. குண்டின் குறுக்களவு இரண்டுக்கும் ஒன்றுதான், 0.357 அங்குலம், ஈயக்குண்டு என்றால் 0.358. (38 என்ற பெயர் குண்டின் அளவிலிருந்து வரவில்லை, கூட்டின் வெளி அளவிலிருந்து வந்தது.) கூட்டை அடியில் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரும் ஒன்றே. கூட்டின் நீளம்தான் வேறு: ஸ்பெஷலுக்கு 1.155 அங்குலம், மேக்னத்துக்கு 1.290. பழைய 38 ரிவால்வர்களில் மேக்னம் தோட்டா நுழைந்து வம்பு பண்ணிவிடக்கூடாது என்று 1930களில் வேண்டுமென்றே நீளமாக்கினார்கள். வித்தியாசம் 0.135 அங்குலம், கிட்டத்தட்ட 3.4 மில்லிமீட்டர். என் எரிச்சல் முழுக்க அந்த 3.4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

சைசிங் டையைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். உள்ளே கார்பைடு வளையம் இருப்பதால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலை இல்லை, துடைக்கும் வேலையும் இல்லை. ஸ்பெஷலோ மேக்னமோ, எது வந்தாலும் ஒரே அமைப்பில் ஓடும். கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அதனால் டை ஷெல் ஹோல்டரில் போய் முட்டாமல் ஒரு காகித அளவு இடைவெளி விட்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அடுத்த இரண்டு டைகளில்தான் வினை. கூட்டின் வாயை விரிக்கும் டை, குண்டை உட்கார்த்தி கிரிம்ப் போடும் (கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடக்கி இறுக்கும்) டை, இரண்டுமே கூட்டின் நீளத்தை நம்பி வேலை செய்பவை. அதற்காக செட்டோடு ஒரு வளையம் தந்தார்கள். ஸ்பெஷலுக்கு ஒருமுறை டையை அமைத்து, அது நகராமல் பூட்டும் லாக் ரிங்கை இறுக்கிவிட்டு, மேக்னம் போடும்போது அடியில் இந்த வளையத்தைச் செருகினால் டை சரியாக 3.4 மில்லிமீட்டர் உயரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் டை இரண்டு, வளையம் ஒன்று! விரித்து முடித்துக் கழற்றி, அடுத்த டைக்கு மாற்ற வேண்டும். ஒரு ராத்திரி மாற்ற மறந்துவிட்டேன். நெம்புகோல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. பித்தளை புதுசு போல என்று நினைத்து அழுத்தினேன். வெளியே எடுத்தால் கூட்டின் சுவர் மிதித்த தகர டப்பா மாதிரி சுருங்கிக் கிடந்தது. அப்படி மூன்று போன பிறகுதான் புத்தி வந்தது.

சரி, மறதி என் குற்றம். வளையத்தை மறக்காமல் போட்டாலும் கதை முடிவதில்லை. ஸ்பெஷலுக்கு நான் போடுவது வாட்கட்டர் என்ற தட்டைமூக்குக் குண்டு, மேக்னத்துக்கு வேறு குண்டு. கிரிம்ப் விழவேண்டிய பள்ளம் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆக, குண்டைத் தள்ளும் தண்டை எப்படியும் திருகித்தான் ஆகணும். போதாததற்கு பலமுறை சுட்ட கூடுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானதில் கிரிம்ப் ஆழமாக விழும், குட்டையானதில் பெயருக்கு ஒட்டிக்கொள்ளும். ரிவால்வரில் இதை அலட்சியமாக விட முடியாது. கிரிம்ப் தளர்ந்திருந்தால், ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் அடுத்த அறையில் இருக்கும் குண்டு முன்னே நகரும். சிலிண்டரைத் தாண்டி மூக்கை நீட்டினால் சிலிண்டர் சுழலாது.

போன வருடம் கிரிம்புக்கு மட்டும் தனி டை ஒன்று வாங்கி, மேக்னத்துக்கென்று அமைத்துப் பூட்டி வைத்தேன். குண்டை உட்கார்த்துவது ஒரு டையில், கிரிம்ப் வேறொன்றில் என்று பிரித்ததும், இரண்டையும் ஒரே இழுப்பில் செய்யும்போது குண்டிலிருந்து ஈயம் சுரண்டி வந்ததும் நின்றது.

நண்பருக்கு மறுபடி அழைத்துச் சொன்னேன்: ஸ்பெஷல் மட்டும் என்றால் இதே செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். இரண்டும் மாறி மாறி என்றால் சைசிங் டை ஒன்று போதும், மற்றதெல்லாம் இரண்டிரண்டாக வாங்குங்கள். செட்டின் தரத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் இன்னொரு தடவை நான் வாங்க மாட்டேன். "அப்போ அந்த வளையம்?" என்றார். வேண்டுமென்றால் என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.