முடி சுருளா, நேரா?

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு, வேலை நேர்காணலுக்கு முந்தைய இரவில்கூட எழும் கேள்வி இது.

செலவு: முடியை நேராக்கும் ரசாயனப் பசையான ரிலாக்சர் போட்டால், வேரில் முளைக்கும் சுருளுக்கு 6–8 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சுருளுக்கு கிரீம், எண்ணெய், அதுவும் லேசில்லை.

நேரம்: நேர்முடி ஒரு சீப்போடு முடிந்தது. சுருளை அலசி, சிக்கெடுத்து, பின்னி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

உடல்: சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள பசை சற்று அதிக நேரம் இருந்தாலே உச்சந்தலை வெந்து புண்ணாகும். அப்புறம், 2022இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று, அடிக்கடி ரசாயனத்தால் நேராக்கியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. என் ஓட்டு சுருளுக்குப் போனது இதனால்தான்.

வேலை: இயற்கை முடிக்காகப் பாகுபாடு காட்டுவதை 2019இல் கலிபோர்னியா தடை செய்தது.

காலை அவசரக்காரர்களுக்கு நேர்முடி, பொறுமைசாலிகளுக்குச் சுருள். முடிவெடுக்க முடியாதவர்கள் சூடான சீப்பால் நேராக்கிப் பார்க்கலாம். மழை பட்டால் சுருள் திரும்பிவிடும்.