ஈஸ்ட் ஆஃப் ஈடன்: அப்பா ஏற்காத பரிசு

அப்பாவின் பிறந்தநாளுக்கு இரண்டு பையன்களும் பரிசு தருகிறார்கள். தம்பி சார்லஸ் காசு போட்டு வாங்கியது ஜெர்மன் பேனாக்கத்தி. மூன்று அலகு, முத்துச்சிப்பிப் பிடி. அண்ணன் ஆடம் கொடுத்ததோ எங்கோ கிடைத்த நாய்க்குட்டி. கத்திக்கு ஒரு நன்றியோடு சரி, நாய்க்குட்டிக்கு மட்டும் அவர் அறையிலேயே இடம். அந்த ஆத்திரத்தில் சார்லஸ் அண்ணனை அடித்து நொறுக்குகிறான், போதாதென்று கைக்கோடாலியோடு திரும்பியும் வருகிறான். ஜான் ஸ்டைன்பெக் 1952இல் வெளியிட்ட இந்த நாவலின் மூன்றாம் அத்தியாயம் இது. உடன்பிறந்தவர்களின் பொறாமை எங்கே முளைக்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டிய எழுத்து குறைவு.

அடித்தளம் வேதாகமத்தின் காயீன், ஆபேல் கதைதான்; அண்ணன் தம்பி இருவரும் கடவுளுக்குக் காணிக்கை படைக்கிறார்கள். காயீன் படைத்தது விளைச்சல், ஆபேல் படைத்தது மந்தையின் தலையீற்று. கடவுள் ஆபேலுடையதை ஏற்றுக் காயீனுடையதை ஏற்காமல் விட, காயீன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். அடுத்த தலைமுறையில் ஆடமின் இரட்டைப் பிள்ளைகள் கேலும் ஏரனும். ஆடம் லெட்டூஸ் கீரையை ஐஸ் போட்டு ரயிலில் அனுப்புகிறார். வழியில் தாமதமாகி, ஐஸ் உருகி, சரக்கு அழுகிப்போகிறது. அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் கேல், முதல் உலகப்போர் காலத்து பீன்ஸ் வியாபாரத்தில் சம்பாதித்த 15,000 டாலரை நீட்டுகிறான். அதுவும் மண்ணில் விளைந்த பணம்! போருக்குப் பையன்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குழுவில் இருக்கும் ஆடமுக்கு அந்த லாபம் கசக்கிறது, வாங்க மறுக்கிறார். இது 49ஆம் அத்தியாயம்.

22, 24ஆம் அத்தியாயங்கள் இரண்டையும் தாண்டிப் போய்விடாதீர்கள். பாவத்தைப் பற்றிக் கடவுள் காயீனிடம் பேசும் ஆதியாகமம் 4:7ஐ வரிவரியாகப் பிரிக்கும் இடங்கள் அவை. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்' என்று இருக்கிறது, அது வாக்குறுதி. 'ஆண்டுகொள்' என்றால் கட்டளை. எபிரேயச் சொல்லுக்கு 'ஆண்டுகொள்ளலாம்' என்பதே பொருள் என்கிறான் அந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் லீ. ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கங்கள் செலவாகின்றன. தமிழ் வாசகருக்கு ஒரு விகுதி மாறினாலே போதும், நாவலின் உயிர் பிடிபட்டுவிடும். ஒரு பிழையும் உண்டு: ஸ்டைன்பெக் 'டிம்ஷெல்' என்று எழுதிய அந்த எபிரேயச் சொல்லின் சரியான உச்சரிப்பு 'டிம்ஷோல்'.

குறை என்றால் முதலில் கேத்தி, அந்த இரட்டையரின் அம்மா. பிறவியிலேயே அரக்கி என்று ஆசிரியரே எட்டாம் அத்தியாயத்தில் தீர்ப்பெழுதிவிடுவதால், 'ஆண்டுகொள்ளலாம்' என்ற வாசல் அவளுக்கு மட்டும் திறக்கவே இல்லை. நாவலின் மையக் கருத்தோடே அது மோதுகிறது. ஆசிரியர் இடையிடையே பிரசங்கத்தில் இறங்குவதும் வேகத்தைக் கெடுக்கிறது. முதல் அத்தியாயம் முழுக்க கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கின் மண்ணும் ஆறும் மழையும்தான். அங்கேயே பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். அதைச் சற்று வேகமாகக் கடந்து மூன்றுக்கு வந்துவிடுங்கள். மொத்தம் 55 அத்தியாயங்கள், சுமார் 600 பக்கம். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும்.

1955இல் வந்த எலியா கசான் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று எண்ண வேண்டாம். அது கடைசிப் பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டது, லீ அதில் இல்லவே இல்லை. லீ இல்லாமல் இந்த நாவலின் சமரசம் நிற்காது. படுக்கையில் கிடக்கும் அப்பாவிடம் கேலை இழுத்து வந்து, அவனுக்காக மன்றாடுவது லீதான். பதிலாக ஆடம் சொல்வது ஒரே ஒரு சொல்.

49ஐ முடித்த கையோடு மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். மகனின் பணத்தைத் தள்ளிவிட்ட அந்த அப்பா, நாய்க்குட்டி கொடுத்த அதே பையன்.